சுவரைத் தொடுவது எப்படி

போன போட்டி வரைக்கும் என் மனைவியைத் தண்ணீரில் யாரும் தோற்கடித்ததில்லை. அவள் தோற்றதெல்லாம் சுவரிடம்தான்.

இதைச் சொன்னால் பெரிய காஞ்சிபுரத்தில் யாருக்கும் விளங்குவதில்லை. நாற்பத்தைந்தைத் தாண்டிய ஒரு பெண்மணி நீச்சல் போட்டிக்குப் போகிறாள் என்பதே முதலில் விளங்குவதில்லை. "எந்தக் குளத்துல?" என்று கேட்கிறார்கள். கோயில் குளத்தில் இல்லை, சென்னையில், கட்டம் போட்ட நீலக் குளத்தில் என்றால், "எதுக்கு?" என்கிறார்கள். அந்தக் கேள்விக்கு எனக்கும் ரொம்ப நாள் பதில் தெரியாததால் கைக்கடிகாரத்தைப் பார்த்து, ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று நழுவிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில்கூட அப்படிச் சொல்லி மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு நீந்தத் தெரியாது. அரசு அலுவலகம் ஒன்றில் வேலை. மீதி நேரம் படிப்பு. நீரில் முழுகியவர்களைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன், அதனால் இறங்குவதில்லை. மனைவியின் நீச்சல் வாழ்க்கையில் எனக்குக் கொடுக்கப்பட்ட பதவி துண்டு பிடிப்பது. பிறகு பதவி உயர்வு வந்தது: துண்டு, பிளாஸ்க், செருப்பு, செல்போன்.

எல்லாம் தோள்வலியில் ஆரம்பித்தது. அவள் பிறந்த வீடு பட்டு நெசவு வீடு. தம்பி இன்றும் தறியில்தான் உட்கார்ந்திருக்கிறான், எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீட்டில். அவன் தறிக்குத் தார் சுற்றித் தருவது இவள். அதாவது தறியில் குறுக்கே ஓடும் ஓடத்தில் வைக்கும் பட்டு நூலைச் சின்னக் குழலில் சுற்றுவது. சுற்றிச் சுற்றி வலது தோள் பிடித்துக்கொண்டது. டாக்டர், பிசியோதெரபி போங்கள், இல்லாவிட்டால் நீந்துங்கள் என்றார். பிசியோதெரபி மாடியில் இருந்தது, லிஃப்ட் இல்லை. ஒரு விளையாட்டு வீராங்கனையின் தோற்றம் பற்றி என்னால் தர முடிந்த முழு விளக்கம் இதுதான்.

முசரவாக்கம் போகும் வழியில் ஒரு கல்யாண மண்டபம். அதோடு ஒட்டி ரிசார்ட், ரிசார்ட்டுக்குள் நீச்சல் குளம். குளம் சிறுநீரக வடிவத்தில் இருந்தது. யாரோ ஒரு கட்டடக் கலைஞர் அதை அழகு என்று நினைத்திருக்கிறார். அதில் நேராக நீந்த ஆரம்பித்தால் பாதியில் கரை குறுக்கே வரும். முகூர்த்த நாளில் குளமே கிடைக்காது. முகூர்த்தத்துக்கு முந்தைய நாளும் கிடைக்காது; கல்யாண ஜோடி கரையில் படுத்து, சாய்ந்து, ஒருவரை ஒருவர் அப்போதுதான் பார்த்ததுபோல் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளும். ஒருமுறை இவள் தண்ணீரில் இருக்கும்போதே வந்துவிட்டார்கள்.

"ஆன்ட்டி, கொஞ்சம் ஃப்ரேம்ல வராம நீந்துங்க" என்றான் படமெடுப்பவன்.

இவள் தலையை மட்டும் தூக்கி மணப்பெண்ணைப் பார்த்தாள். "அந்தப் பொண்ணு கட்டிக்கினு இருக்கிறது பவர்லூம் புடவை" என்றாள் என்னிடம். மெதுவாகச் சொல்வதாக நினைத்துச் சொன்னாள். தண்ணீரின்மேல் குரல் எவ்வளவு தூரம் போகும் என்பது எங்கள் இருவருக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

பயிற்சி கொடுத்தது அந்த ரிசார்ட்டில் உயிர்காப்பு வேலைக்கு இருந்த ஒரு பெண். கல்லூரிக்காக நீந்தியவள். முதலில் ஃப்ரீஸ்டைல் சொல்லிக்கொடுத்தாள். என் மனைவிக்குப் பிடிக்கவில்லை.

"மூஞ்சிய உள்ள வெச்சுக்கினே இருந்தா எப்பம்மா பேசறது?"

"ஸ்விம் பண்ணும்போது எதுக்கு ஆன்ட்டி பேசணும்?"

அந்தப் பெண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

பிரெஸ்ட் ஸ்ட்ரோக் என்னும் தவளை நீச்சலில் ஒவ்வொரு வீச்சுக்கும் தலை வெளியே வந்தாக வேண்டும். என் மனைவி அதைப் பார்த்த மாத்திரத்தில் இதுதான் தனக்கு என்று முடிவு செய்துவிட்டாள். கையை அகட்டி இழுப்பாள், தலை மேலே வரும், "பால" என்பாள். உள்ளே போவாள். மேலே வருவாள், "ஃப்ரிட்ஜுல." உள்ளே. மேலே. "வெச்சீங்களா?" நான் கரையில் நாற்காலி போட்டுப் புத்தகம் படித்துக்கொண்டிருப்பேன். வைக்கவில்லை என்று சொல்ல அவள் அடுத்த முறை தலை தூக்கும்வரை காத்திருக்க வேண்டும். எங்கள் தாம்பத்தியத்தில் நான் யோசித்துப் பதில் சொல்ல அவகாசம் கிடைத்தது அந்தக் குளத்தில் மட்டும்தான்.

தோள்வலி போய்விட்டது. அத்தோடு நின்றிருக்க வேண்டும். ஆனால் பயிற்சிக்காரப் பெண் ஒருநாள், "ஆன்ட்டி, உங்க கிக் செமையா இருக்குது. மாஸ்டர்ஸ் மீட்டுக்கு வாங்க. உங்க ஏஜ் குரூப்ல ஆளே கம்மி" என்று சொல்லிவிட்டாள். மாஸ்டர்ஸ் என்றால் வயதானவர்கள். ஆங்கிலத்தில் சொல்லும்போது மரியாதையாக இருக்கிறது.

"உனக்கு எதுக்கு மெடலெல்லாம்?" என்று கேட்டேன்.

"மெடல் யாருக்கு வேணும்? எனக்கு டைம் வேணும்."

"என்ன டைம்?"

"இத்தினி வருஷமா நான் லேட்டு, நான் லேட்டுன்னு சொல்லிக்கினு இருக்கீங்க. சோறு லேட்டு, கெளம்பறது லேட்டு. எவ்ளோ லேட்டுன்னு யாராச்சும் கணக்கா சொல்லியிருக்கீங்களா? அங்க என் பேர் சொல்லி, நான் எவ்ளோ நேரத்துல வந்தேன்னு மைக்குல சொல்லுவாங்களாம். அத ஒருவாட்டி கேக்கணும்."

இவ்வளவு தெளிவான லட்சியம் எனக்கு எந்த வயதிலும் இருந்ததில்லை. விண்ணப்பப் படிவத்தை நானே நிரப்பிக் கொடுத்தேன்.

முதல் போட்டிக்கு முழுக்கையும் முழுக்காலும் வைத்த நீச்சல் உடை வாங்கினோம். மைத்துனன் அதைப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, மழைக்கோட்டா? தண்ணியில நனையாம நீந்தப் போறியா?" என்றான். அவளும் நனையாமல் நீந்தியதுபோலத்தான் அன்றைக்கு நீந்தினாள். அவ்வளவு சுலபமாக இருந்தது. அவள் பிரிவில் இருந்த மற்ற இரண்டு பெண்களும் பாதிவழியில் இருக்கும்போது இவள் சுவரைத் தொட்டாகிவிட்டது. நான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தே நின்றுவிட்டேன். மைக்கில் மற்ற இருவர் பெயரும் வந்தது, நேரமும் வந்தது. கடைசியில் இவள் பெயர் வந்தது. பெயருக்குப் பின்னால் நேரம் வரவில்லை. "டிஸ்குவாலிஃபைட்" என்று வந்தது.

"இன்னாங்க சொல்றாங்க? நான்தான மொதல்ல வந்தேன்?"

வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்ட் அணிந்த நடுவரிடம் போனேன். அரசு அலுவலகத்தில் எத்தனையோ பேரை இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பியவன் நான். அன்றைக்கு எதிர்ப்பக்கம் நின்றேன்.

"கை மேல கை வெச்சுட்டாங்க சார்" என்றார் நடுவர்.

"யார் கை மேல?"

"அவங்க கை மேலயே."

"தன் கை மேல தான் வெச்சா என்ன சார் தப்பு?"

"பிரெஸ்ட் ஸ்ட்ரோக்ல ரெண்டு கையும் சேர்ந்து சுவரைத் தொடணும் சார். ஆனா தனித்தனியா தொடணும்."

நான் ஓரளவு தத்துவமும் படித்தவன். ஆனாலும் சேர்ந்தும் தனித்தனியாகவும் இருப்பது எப்படி என்பது அந்த வெயிலில் எனக்கு எட்டவில்லை. அவர் பொறுமைசாலி. தம் இரண்டு உள்ளங்கைகளையும் என் மார்புக்கு நேரே காற்றில் பதித்துக் காட்டினார். ஒரே சமயத்தில் பட வேண்டும். ஒன்றின்மேல் ஒன்று ஏறக் கூடாது. அவ்வளவுதான் விதி.

"நான் எங்க அப்பிடி வெச்சேன்?" என்றாள் மனைவி. வேலூர் பஸ்ஸில் ஏறியதும் கேட்டாள், பூந்தமல்லி தாண்டும்போது கேட்டாள், ஶ்ரீபெரும்புதூரில் கேட்டாள். காஞ்சிபுரம் வந்து ஆட்டோவில் ஏறியதும் ஆட்டோக்காரரிடமே கேட்டாள். அவர், "நீ ஒண்ணும் தப்பு பண்ணியிருக்க மாட்டம்மா" என்றார். அவருக்குத் தெரிந்த அளவு எங்களுக்கும் தெரிந்திருந்தது.

பயிற்சியில் இந்தக் குறை தெரியவே தெரியாது. சிறுநீரகக் குளத்தின் வளைந்த சுவரை யாரும் தொடுவதில்லை. ஏணிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவதுதான் வழக்கம். ஆகவே அடுத்த போட்டியிலும் முதலாவதாக வந்தாள், அடுத்த போட்டியிலும் அதே வார்த்தை மைக்கில் வந்தது. ஒரே வித்தியாசம், இந்த முறை நான் செல்போனில் படம் பிடித்திருந்தேன்.

அந்தப் படத்தை நானும் அவளும் நாலைந்து தடவை பார்த்தோம். கை மேல் கை இருந்தது. ஏன் இருந்தது என்று தெரியவில்லை. பயிற்சிக்காரப் பெண்ணுக்கு அனுப்பினோம், அவள் "டெக்னிக் இஷ்யூ" என்று பதில் போட்டாள். சாயங்காலம் மைத்துனனிடம் காட்டினேன். அவன் தறிக் குழிக்குள் காலைத் தொங்கப்போட்டபடி போனை வாங்கிப் பார்த்தான். கடைசிக் காட்சியைத் திரும்ப ஓட்டினான். பிறகு சிரித்தான் பாருங்கள், பக்கத்துத் தறி நின்றுவிட்டது.

"மச்சான்! அக்கா விபூதி வாங்கிக்கினு இருக்குதுபா!"

போனைப் பிடுங்கிப் பார்த்தேன். ஆமாம். இடது உள்ளங்கை கீழே, வலது உள்ளங்கை மேலே, இரண்டும் லேசாகக் குழிந்து, அடக்கமாகச் சுவரை நோக்கி நீண்டிருந்தன. தலைகூடக் குனிந்திருந்தது. ஏகாம்பரநாதர் சன்னதியில் குருக்கள் எதிரே நிற்கும் அதே என் மனைவி. சுவர் கொடுப்பதை வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றாள்.

அவள் படத்தைப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

"கடைசியில மூச்சு முட்டும். அப்ப ஏகாம்பரநாதா, ஏகாம்பரநாதான்னுதான் சொல்லிக்கினே வருவேன்" என்றாள்.

"கூப்ட்டா அவரு வரத்தான செய்வாரு" என்றான் தம்பி. "அவரு வந்தா நீ கைய நீட்டத்தான செய்வே."

"நீ வாய மூடிக்கினு நெய்யி."

வீட்டுக்கு வரும் வழியில் நின்று சொன்னாள். "இன்னும் ஒருவாட்டி போறேன். அதுலயும் என் பேருக்குப் பின்னால டைம் வரலேன்னா விட்டுடறேன். தண்ணியில இறங்கறதையே விட்டுடறேன்." அவள் சொன்னதைச் செய்கிறவள். சர்க்கரை போட்ட காப்பியை அப்படித்தான் ஒருநாள் விட்டாள். விட்டது அவள் மட்டுமல்ல, வீடே.

பயிற்சிக்காரப் பெண் சிகிச்சை சொன்னாள். "ஆன்ட்டி, இனிமே எதை வாங்கினாலும் ரெண்டு கையையும் கேப் விட்டு வையுங்க. மசில் மெமரி மாறிடும்." அந்தப் பெண் எங்கள் வீட்டில் ஒருநாள் தங்கியிருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டாள். நான் காப்பி டம்ளரை நீட்டினால் மனைவி இரண்டு கைகளையும் ஒரு சாண் இடைவெளியில் நீட்டுவாள். எந்தக் கையில் கொடுப்பது என்று யோசிப்பதற்குள் காப்பி தரையில் இருக்கும். பக்கத்து வீட்டு அம்மா கொடுத்த கொழுக்கட்டைத் தட்டு, கைகளுக்கு நடுவே இருந்த அந்த இடைவெளி வழியாக விதிகளுக்கு முழுக்க உட்பட்டுக் கீழே போனது.

கோயிலில்தான் எனக்கு மானம் போனது. குருக்கள் விபூதியோடு வந்தார். இவள் இரண்டு கைகளையும் தனித்தனியாக, சுவரைத் தொடுவதுபோல், நெஞ்சுக்கு நேரே நிமிர்த்தி வைத்துக்கொண்டு நின்றாள். குருக்கள் வலதைப் பார்த்தார், இடதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்னம்மா, இப்படி வெச்சுண்டா எதுல போடறது? என்னைத் தடுக்கறேளா?"

"பழகறேன் சாமி" என்றாள் இவள்.

"என்னத்தை?"

நான் இருவர் பங்குக்கும் கையை நீட்டி வாங்கிக்கொண்டு அவளை இழுத்துவந்துவிட்டேன்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் நான் சுவர். கூடத்து நடுவில் மணையை மார்போடு பிடித்துக்கொண்டு நிற்பேன். அவள் சமையற்கட்டிலிருந்து காற்றில் தவளைபோல் வீசிக்கொண்டே வந்து மணையில் அறைவாள். ஆறிலொரு தடவை கை மேல் கை வந்துவிடும். "விபூதி!" என்று கத்துவேன். மறுபடி சமையற்கட்டுக்குப் போவாள். உலக இலக்கியத்தில் பாதியைப் படித்து முடித்த ஒருவன் கடைசியில் மணையோடு நின்று விபூதி, விபூதி என்று கூவுவான் என்று எந்த ஆசிரியரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

நீச்சல் விதிகளையும் தரவிறக்கிப் படித்தேன். மொழிநடை வறட்சி, ஆனாலும் ஒரு விஷயம் புரிந்தது. "விதிப்படி நீ யாரைக் கூப்பிட்டுக்கொண்டே நீந்தினாலும் தப்பில்லை" என்றேன். "ஆனா கடைசிப் பத்து மீட்டருக்கு மட்டும் சாமியைக் கூப்பிடாதே. பிரச்சினையே அங்கதான்."

"அப்புறம் யாரக் கூப்புடறது? உங்களையா? உங்களுக்கு நீச்சலே தெரியாது."

போட்டி நாள் வந்தது. விடியலில் பஸ் ஏறினோம். நீச்சல் தொப்பி, கண்ணாடி இரண்டையும் ஒரு சின்னப் பையில் போட்டு, பத்திரம் பத்திரம் என்று இருமுறை சொல்லி என்னிடம் கொடுத்தாள். நானும் பத்திரமாக மேல் தட்டில் வைத்தேன். பிறகு புத்தகத்தைப் பிரித்தேன். நல்ல புத்தகம். கோயம்பேட்டில் இறங்கும்போது கையில் புத்தகம் இருந்தது, துண்டு இருந்தது, பிளாஸ்க் இருந்தது.

குளக்கரைக்குப் போனதும் கேட்டாள். "அந்தப் பை எங்க?"

நான் பஸ் போன திசையைப் பார்த்தேன். அங்கிருந்து அது தெரியாது என்பது எனக்கும் தெரியும்.

அவள் வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து மைக்கில் அவள் போட்டிக்கு அழைப்பு வந்துவிட்டது. பயிற்சிக்காரப் பெண் எங்கிருந்தோ ஓடி, யாரோ ஒரு குழந்தையின் தொப்பியை வாங்கிவந்து இவள் தலையில் ஏற்றினாள். மஞ்சள் தொப்பி, அதில் ஒரு டால்ஃபின் சிரித்துக்கொண்டிருந்தது. டால்ஃபினுக்குக் கீழே இருந்த முகம் சிரிக்கவில்லை. கண்ணாடி கிடைக்கவில்லை. திட்டுவதற்கு நேரம் இல்லாமலே அவள் தண்ணீருக்குள் போனாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒரு வாக்கியத்தைப் பாதியில் விழுங்கி நான் பார்த்ததில்லை. பயமாக இருந்தது.

இந்த முறை பக்கத்து வரிசையில் ஒரு புது ஆள் இருந்தாள், நெட்டையாக. பாதித் தூரத்திலேயே அவள் முன்னால் போய்விட்டாள். நான் அதைக் கவனிக்கவில்லை. இவள் தலை ஒவ்வொரு முறை மேலே வரும்போதும் வாய் அசைவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சாமியைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டாள், போச்சு, என்று நினைத்தேன். நெருங்க நெருங்க வாய் வேகமாக அசைந்தது. கண்ணாடி இல்லாத கண்கள் சிவந்து, கரையில் எதையோ குறிவைத்திருந்தன. துண்டின் ஒரு முனையை நான் கடித்துக்கொண்டிருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

சுவர் வந்தது. இரண்டு கைகளும் ஒரே சமயத்தில் வந்தன. ஒன்று இங்கே, ஒன்று அங்கே, நடுவில் ஒரு ஆள் நுழையலாம் போல. பளார் என்று அறைந்தன. கோயில் வாசனையே இல்லாத கைகள்.

வெள்ளைச் சட்டை நடுவர் குனிந்து பார்த்தார். தப்பு என்று கையைத் தூக்கவில்லை. முதலில் நெட்டையானவள் பெயரும் நேரமும் வந்தன. பிறகு மைக் அவள் பெயரைச் சொன்னது. ஒரு மூச்சு நின்றது. பிறகு நேரத்தைச் சொன்னது. நிமிடம், வினாடி, வினாடிக்குப் பின்னால் புள்ளி வைத்து இன்னும் ஏதோ. இரண்டாம் இடம்.

அவள் தண்ணீரிலேயே நின்று கேட்டாள். ஏணியில் ஏறி வந்து துண்டை வாங்கினாள். கடித்த முனையைப் பார்த்தாள், மறுமுனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். திரும்பும் பஸ்ஸில் நான்தான் தாங்காமல் கேட்டேன்.

"கடைசியில யாரைக் கூப்பிட்டுக்கொண்டே நீந்தினே?"

"யாரையும் கூப்புடல. உங்களத் திட்டிக்கினு வந்தேன்."

"அவ்வளவு தூரமுமா?"

"ஒரு பைய பத்திரமா வெச்சுக்கத் தெரியல, புத்தகம் படிக்கிறாராம் புத்தகம்னு ஆரம்பிச்சேன். பாதியில உங்க அக்கா கல்யாணத்துல மாங்கல்யப் பைய ஆட்டோவுல வுட்டது ஞாபகம் வந்துச்சி. சுவர் வந்ததே தெரியல." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, எனக்கில்லாமல் ஜன்னலுக்குச் சொல்வதுபோல், மைக்கில் வந்த அந்த நேரத்தைப் புள்ளியோடு ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

நெட்டையானவளை அடுத்த முறை ஜெயிக்க வேண்டும் என்று இப்போது புது லட்சியம். காப்பி பழையபடி டம்ளரோடு அவள் கைக்குப் போய்ச் சேருகிறது. குருக்களும் நிம்மதியாக இருக்கிறார். என் நிம்மதிதான் போய்விட்டது. நடந்ததை மனைவி அப்படியே பயிற்சிக்காரப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறாள். அவள் போன ஞாயிறு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அங்கிள், இன்னைக்கு டைம் எடுக்கப் போறேன். ஆன்ட்டி லாஸ்ட் லேப் வரும்போது எதையாச்சும் சொல்லிக் கொஞ்சம் கடுப்பேத்துங்க, ப்ளீஸ்" என்றாள்.

நான் கண்ணியமான மனிதன். திட்டமிட்டு ஒருவரைக் கடுப்பேற்றிப் பழக்கமில்லை. என்னிடம் அது இயல்பாக வருவதோடு சரி. ஒன்றும் தோன்றாமல் சிறுநீரகக் குளத்தின் வளைவு குறைந்த பக்கத்தில் போய் நின்றேன். அவள் வந்துகொண்டிருந்தாள். தலை மேலே வந்தது.

"நான் கிளம்பும்போது கேஸ் அடுப்ப அணைச்சேனான்னு ஞாபகம் இல்ல" என்றேன், உரக்க.

தலை உள்ளே போனது. தண்ணீர் பொங்கியது. இரண்டு கைகளும் என் காலடியில் சுவரில் வந்து அறைந்தன, நன்றாக அகன்று, விதியில் சொன்னபடி. பயிற்சிக்காரப் பெண் கடிகாரத்தை அழுத்திவிட்டு, "சூப்பர் ஆன்ட்டி!" என்று குதித்தாள். ஆன்ட்டி ஏணிப் பக்கம் போகாமல் அப்படியே கரையில் கையூன்றி எழும்பிக்கொண்டிருந்தாள்.

நான் ஆட்டோ பிடிக்க ஓடினேன். பயிற்சிக்காகச் சொன்னதில்லை அது. உண்மையாகவே ஞாபகம் இல்லை.